பண்ணையில் பிற உயிர்களுக்கும் இடம்

பயிர் நிற்கும் பரப்பைக் கவனிக்கும் அளவுக்குப் பயிர் நில்லாத பரப்பைப் பண்ணையில் யாரும் கவனிப்பதில்லை. வரப்பு, வேலி, வாய்க்கால் கரை, கிணற்று மேடு, களத்து ஓரம், பனை வரிசை, ஏர் ஏறாத பாறைத்திட்டு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பரப்பு. பறவை, பாம்பு, தவளை, தேனீ, கீரி, உடும்பு ஆகியவை பெரும்பாலும் தங்குவதும் பெருகுவதும் அங்கேதான். பயிருக்குள் அவை இரை தேடி வந்து போகின்றன. காட்டுயிர்களுக்கு இடம் கொடுக்க விளைநிலத்தைச் சுருக்கிக் காடு வளர்க்க வேண்டும் என்ற அச்சம் பல விவசாயிகளுக்கு உண்டு; அது தேவையற்றது. ஓரங்களை எப்படி வைத்திருப்பது, பயிரில் எதை எப்போது தெளிப்பது, உழவையும் அறுப்பையும் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்ற மூன்றும் சரியானால் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

இருப்பதைக் கணக்கெடுத்தல்

எதையும் நடுவதற்கு முன்பு, ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பலர் இந்த வேலையைத் தாண்டிக் குதித்து நேராக நாற்றுப் பண்ணைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு மூலையில் புதராகக் கிடந்த காரையையும் சூரையையும் வெட்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் மரக்கன்று வைப்பது எங்கும் நடக்கிறது. அந்தப் புதரில் இருந்த கௌதாரியும் கீரியும் புதிய கன்று மரமாகும்வரை காத்திருப்பதில்லை.

கணக்கெடுப்புக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பண்ணையின் எல்லையையும் வயல்களையும் ஒரு தாளில் வரைந்துகொண்டு, விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் எல்லை முழுக்க நடந்து, கண்டதைக் கண்ட இடத்தில் குறிக்க வேண்டும். பொந்துள்ள மரங்கள், கறையான் புற்றுகள், நீர் கடைசிவரை நிற்கும் பள்ளங்கள், எலி வளைகள், பாம்புச் சட்டை கிடக்கும் இடம், தூக்கணாங்குருவி கூடு கட்டும் மரம் ஆகியவை கட்டாயம் படத்தில் வர வேண்டும். கோடையில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை, ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறை, தை அறுப்புக்குப் பின் ஒருமுறை என்று நான்கு பருவங்களிலும் செய்தால்தான் படம் முழுமை பெறும். வலசை வரும் பறவைகள் குளிர் மாதங்களில் மட்டுமே இருக்கும்; தவளைகள் முதல் மழையில்தான் குரல் கொடுக்கும். பண்ணையில் நெடுநாள் வேலை செய்யும் ஆட்களையும் ஆடு மேய்ப்பவர்களையும் கேட்டால், நடந்து பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட அதிகமாகவே கிடைக்கும்.

வேலி

கரூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் கொரங்காடுகள் உயிர்வேலிக்கு நல்ல எடுத்துக்காட்டு. கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரங்களும் நிற்கும் அந்த மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலி ஓடும். காங்கேயம் மாடுகளை அடைத்து மேய்ப்பதற்காகப் போட்ட வேலி அது. முள்ளும் கிளையுமாகப் பின்னிக்கொண்டு ஆடுகூட நுழைய முடியாத அடர்த்தியில் வளர்வதால், பறவைகளுக்கும் ஓணான்களுக்கும் கீரிகளுக்கும் அது பாதுகாப்பான வீடாகிவிட்டது.

கிளுவையை விதைபோட்டு வளர்க்க வேண்டியதில்லை. போத்துகளை வெட்டி மழையை ஒட்டி நெருக்கமாக ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். கிளுவை மட்டுமே உள்ள வேலியைவிடப் பலவகைச் செடிகள் கலந்த வேலியே உயிர்களுக்குப் பயன்படும். சங்கஞ்செடி, காரை, களா, இலந்தை, நொச்சி, ஆடாதோடை ஆகியவற்றை இடையில் நட்டு, அவற்றின்மேல் கோவை, பிரண்டை, முசுட்டை, வேலிப்பருத்தி போன்ற கொடிகளைத் தாமாக ஏற விட்டால், ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று பூத்தபடியோ பழுத்தபடியோ இருக்கும். களாவும் இலந்தையும் கொண்டைக்குருவிக்கு இரை தரும். எருக்கஞ்செடி பயனற்றது என்று பிடுங்கப்படுகிறது. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுக்கள் அதன் இலையைத் தின்றே வளர்கின்றன. ஆவாரைச் செடிக்கும் இதேபோல் அதை நம்பி வாழும் பட்டாம்பூச்சிகள் உண்டு.

திண்டுக்கல், கரூர் பகுதிகளில் வேலிக்கு இன்னொரு முக்கியத்துவமும் இருக்கிறது. இரவில் மட்டும் நடமாடும் தேவாங்கு அங்குள்ள பண்ணை வேலிகளிலும் முள்மரங்களிலும் பூச்சி பிடித்துத் தின்று வாழ்கிறது. இந்த இரு மாவட்டங்களிலும் 11,806 ஹெக்டேர் காட்டுப் பகுதி 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாட்டில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் அதுவே. தேவாங்கு கிளைவிட்டுக் கிளை தாவாது. கைப்பிடித்து மெல்ல நகரும். வேலியில் நாலடி இடைவெளி விழுந்தால் அது தரையில் இறங்கித்தான் ஆக வேண்டும். நாயிடமும் வண்டிச் சக்கரத்திலும் மாட்டிக்கொள்வது அப்போதுதான். ஆகவே அப்பகுதிப் பண்ணைகளில் வேலியின் உயரத்தைவிட அறுபடாத தொடர்ச்சியே முக்கியம். வண்டி போகும் வாசலுக்கு மேல் இருபுறத்து மரக்கிளைகளும் தொட்டுக்கொள்ளும்படி விட்டால் போதும்.

வேலியை ஒரே ஆண்டில் முழுவதும் கழிக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு வீதம் மூன்று ஆண்டுகளுக்குச் சுற்றாகக் கழிக்கலாம். அரிவாளை வைப்பதற்கு முன் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் குஞ்சுகள் பறந்த பின் கழிக்க வேண்டும். சீமைக்கருவேலம் வேலியாகவே நின்றுவிட்ட இடங்களில் அதை அகற்றுவது நல்லதுதான். ஆனால் பொக்லைன் வைத்து ஒரே நாளில் வழித்தெடுத்தால் அதில் கூடு வைத்திருந்த பறவைகளுக்குப் போக்கிடம் இருக்காது. ஒரு பகுதியை எடுத்து நாட்டு மரம் வைத்து, அது தலைதூக்கிய பிறகு அடுத்த பகுதிக்குப் போவதே முறை.

முள்கம்பி வேலி தவிர்க்க முடியாததாக இருந்தால், அடிக்கம்பியைத் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் கட்டினால் முயலும் கீரியும் ஆமையும் கடந்து போகும். கோழிக்கும் காய்கறிக்கும் காவலாகத் தரைமட்டத்தில் கட்டும் நைலான் வலை வேறு கதை. சாரைப்பாம்பு அதில் தலையை நுழைத்துவிட்டால் செதில் மாட்டிக்கொண்டு பின்வாங்க முடியாமல் வெயிலில் கிடந்தே சாகிறது. வலை கட்டாயம் என்றால் அரையடி உயரம்வரை தகரமோ பழைய சாக்கோ வைத்து, வலையை அதற்கு மேல் தொடங்கலாம்.

பனையும் பழைய மரங்களும்

பனை ஒன்று எத்தனை உயிர்களுக்கு இடம் கொடுக்கிறது என்பதை அதன் அடியில் அரைமணி நேரம் நின்றால் காணலாம். ஓலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் சிறகுகளை ஒட்டிக் கூடு செய்வது பனை உழவாரன். காய்ந்த ஓலைகளின் மறைவில் வௌவால் தொங்கும். தலை முறிந்த மொட்டைப் பனையின் பொந்துகளில் பச்சைக்கிளி, பனங்காடை, புள்ளி ஆந்தை ஆகியவை மாறிமாறிக் குடியிருக்கும். ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் ஆடும். மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டு வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. பட்டுப்போன பனையும் காக்கப்பட வேண்டியதே, ஏனென்றால் பொந்து விழுவது அதில்தான். ஆளும் மாடும் போகாத இடத்தில் நிற்கும் மொட்டைப் பனையை அதுவாக விழும்வரை விட்டுவிடலாம்.

காய்ந்த கட்டைகளுக்கும் இதுவே பொருந்தும். தச்சுத் தேனீ உலர்ந்த மரத்தைத் துளைத்து முட்டையிடுகிறது. கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் ஒரு குழலுக்குள் அடைபட்டிருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரச் செய்தால்தான் அது கொட்டும். அடுக்குத் தேனீக்கும் கொசுத் தேனீக்கும் இந்த வித்தை தெரியாது. தச்சுத் தேனீயும், மண்சுவரிலும் கரையிலும் வளை தோண்டும் நீலப்பட்டைத் தேனீயும் அதைச் செய்கின்றன. காய்கறிப் பண்ணையில் தேனீப் பெட்டி வைத்ததோடு நின்றுவிடாமல், இரண்டு காய்ந்த கட்டைகளையும் சிமெண்டு பூசாத ஒரு மண்சுவரையும் விட்டுவைக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இது.

நெல் வயல்

உலக ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் நெல் வயல்களையும் ஈரநிலமாகக் கருதி அவற்றின் உயிர்வளத்தைக் காக்க வேண்டும் என்று 2008-இல் தீர்மானம் நிறைவேற்றின. காவிரிப் படுகையில் தண்ணீர் வந்து சேறடிக்கத் தொடங்கியதும் உண்ணிக்கொக்கும் மடையானும் டிராக்டரின் பின்னால் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அரிவாள் மூக்கன் சேற்றைக் கிளறிப் புழு எடுக்கும். நத்தைகுத்தி நாரை நத்தையைத் தேடி வரும்.

நெல் வயலில் காட்டுயிரின் கதி பெரும்பாலும் மருந்துத் தெளிப்பில்தான் முடிவாகிறது. புகையான் தாக்குதல் இதற்குத் தெளிவான சான்று. தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் இந்தப் பூச்சியை ஓநாய்ச் சிலந்தி ஓடிப் பிடித்துத் தின்கிறது; மிரிட் நாவாய்ப்பூச்சி அதன் முட்டையைக் குத்தி உறிஞ்சுகிறது. நட்ட சில வாரங்களில் இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டு பயந்து கடும் மருந்து தெளித்தால், முதலில் சாவது சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும்தான். இலையுறைக்குள் பாதுகாப்பாக இருந்த புகையான் முட்டைகள் பொரித்து வரும்போது தின்ன ஆள் இருக்காது. வயல் வட்டம் வட்டமாகக் காய்ந்து போகும். இந்தோனேசியாவில் 1970-களிலும் 80-களிலும் நடந்தது இதுதான். 1986-இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது, விளைச்சல் குறையவில்லை.

பயிர் நட்ட முதல் 40 நாட்களுக்குப் பூச்சிக்கொல்லி எதுவும் வேண்டாம் என்று பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. இளம் பயிர் இழந்த இலையைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். அதன் பிறகும் கணக்குப் பார்த்தே தெளிக்க வேண்டும். தண்டுத்துளைப்பானுக்குச் சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல் அல்லது 10 விழுக்காடு குருத்துக் காய்தல் என்பது பொருளாதாரச் சேத நிலை. புகையானுக்கான அளவு இன்னும் நுட்பமானது: தூரடிக்கும் கிளைக்கு ஒரு பூச்சி என்பது சாதாரண எல்லை, தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் எல்லை இரண்டாக உயரும். சிலந்தியை எண்ணாமல் பூச்சியை மட்டும் எண்ணுவது பாதிக் கணக்குத்தான். தூரைச் சாய்த்துக் கையால் இரண்டு தட்டு தட்டினால், நீர்மேல் விழும் புகையானும் அதன்மேல் ஓடும் சிலந்தியும் ஒரே பார்வையில் தெரியும். வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் இப்படிப் பார்க்கலாம்.

வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி, செண்டுமல்லி ஆகியவற்றில் இரண்டு மூன்றை விதைப்பது சிலந்திக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் உதவும். கண்ணுக்கே தெரியாத அளவு சிறிய அந்தக் குளவிகள் பூச்சி முட்டைக்குள் தம் முட்டையை இடுகின்றன. அவை நெடுநாள் வாழத் தேன் வேண்டும், நெல் பூவில் தேன் கிடையாது. இங்கே ஒரு முரண்பாடு உண்டு. அகலமான வரப்பு செடிக்கு நல்லது, எலிக்கும் நல்லது. உள்வரப்புகளை ஒன்றரை அடி அகலத்துக்குள் ஒடுக்கி வைத்துக்கொண்டு, செடி வளர்ப்பதை எல்லை வரப்புகளோடு நிறுத்துவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறை தண்ணீரை மிச்சப்படுத்துகிறது, மீத்தேன் வெளியேற்றத்தையும் குறைக்கிறது. வயலில் பதித்த குழாயில் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் போதும். ஆனால் வயல் காயும் நாட்களில் தலைப்பிரட்டைகளும் மீன்குஞ்சுகளும் செத்துப்போகும். வயலின் தாழ்ந்த ஓரத்தில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு நீள்குழி வெட்டி வைத்தால் நீர் வற்றும்போது அவை அங்கே ஒதுங்கிக்கொள்ளும். தவளையின் தேவையை நாடு ஒருமுறை பாடமாகவே கற்றது: தவளைக்கால் ஏற்றுமதிக்காக லட்சக்கணக்கில் பிடித்த பின், பூச்சி பெருகும் என்ற கவலை எழுந்து 1987-இல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. தவளை தோல் வழியாகவும் நீரையும் காற்றையும் இழுப்பதால் மருந்து அதை எளிதில் தாக்குகிறது. தெளிப்பானை வாய்க்காலில் கழுவுவதை மட்டும் நிறுத்தினாலே பல தவளைகள் பிழைக்கும்.

தெளித்தே ஆக வேண்டிய நிலையில், பொழுது சாயும் வேளையே நல்லது. காலையில் பூக்களில் தேனீ இருக்கும். மருந்தில் நனைத்த விதையைச் சிந்தாமல் மண்ணுக்குள் மூட வேண்டும். மேலே கிடந்தால் புறாவும் மயிலும் கொத்தும்.

எலியும் கூகையும்

எலி வளை தோண்டிக் கதிரைக் கத்தரித்து உள்ளே சேர்க்கிறது. அதனால் வரும் இழப்பு பெரிது. இதற்கு வயலில் விஷம் வைப்பது எளிதாகத் தோன்றும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரோமடையலோன் போன்ற விஷங்களைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரிகிறது, அந்த நாட்களில் கூகைக்கும் சாரைக்கும் அதுவே சுலபமான இரை. எலியைத் தின்ன வந்தவை எலியோடு சேர்ந்து ஒழிவதால், அடுத்த போகத்தில் எலி தடையின்றிப் பெருகும்.

கூகை வெண்மையான, இதயம்போன்ற முகமுள்ள ஆந்தை. இரவில் இரண்டு மூன்று எலிகளைத் தின்னும். குஞ்சு வளர்க்கும் ஜோடி இதற்கும் மேல் பிடித்து வரும். அதற்குக் கூடு கட்டத் தெரியாது. பொந்தோ, பழைய கட்டடத்தின் மாடமோ இல்லாத வெட்டவெளி வயலில் அது தங்குவதில்லை. மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் 1980-களிலிருந்தே இதற்காகப் பெட்டி வைத்து வருகிறார்கள். இஸ்ரேலிலும் அதே காலத்தில் தொடங்கியது.

பெட்டி ஏறத்தாழ இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலமும் உயரமும் இருந்தால் போதும். வாசல் பெட்டியின் ஓரத்தில் இருக்க வேண்டும். உள்ளே பாதித் தடுப்பு ஒன்று வைத்தால் குஞ்சுகள் இருட்டான பின்னறையில் இருக்கும், வாசலில் தவறி விழாது. பதினைந்தடிக் கம்பத்தில், மழைச்சாரல் அடிக்கும் திசைக்கு முதுகு காட்டி நிறுத்த வேண்டும். கம்பத்தின் நடுவில் வழுவழுப்பான தகரத்தைச் சுற்றினால் பூனை ஏறாது. கூகை வந்ததற்கு அடையாளம் கம்பத்தடியில் கிடைக்கும். கட்டைவிரல் பருமனில் கரிய உருண்டைகள் கிடக்கும்; புதியதாக இருந்தால் பளபளக்கும், காய்ந்தால் சாம்பல் நிறமாகும். ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து ஈர்க்குச்சியால் பிரித்தால், மயிர்ப் பொதிக்குள் எலி மண்டையோடுகளும் மஞ்சள் நிற முன்பற்களும் முழுசாக வரும். மண்டையோடுகளை எண்ணினால் பெட்டி எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

கூகைக் குஞ்சுகள் இரை கேட்டு இழுத்து மூச்சுவிடுவதுபோல் சீறும். பாம்பு என்று நினைத்துப் பெட்டியை இறக்கி எறிந்தவர்கள் உண்டு. ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கையால் பெட்டி வைக்கவே மறுப்பவர்களும் உண்டு. வேலையாட்களுக்கு முன்கூட்டியே சொல்லி, திறந்த உருண்டை ஒன்றைக் காட்டினால் எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கும்.

பெட்டிக்குக் கூகை வரக் காத்திருக்கும் ஆண்டிலும் பறவைத் தாங்கிகள் வைக்கலாம். டி வடிவில் ஆணியடித்த குச்சிகளைப் பயிருக்கு ஓரடி மேலே நிற்கும்படி ஏக்கருக்கு இருபது ஊன்றினால், பகலில் கரிச்சானும் மைனாவும் புழு பிடிக்கும், இரவில் ஆந்தை உட்காரும். கதிர் பால் பிடித்ததும் தாங்கிகளைப் பிடுங்கிவிட வேண்டும். அதற்குமேல் நின்றால் தானியம் தின்னும் சிறு பறவைகளுக்கே அது இருக்கையாகும். மிஞ்சும் எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி போதும். மூங்கிலாலான அந்தப் பொறியில் விஷம் இல்லை.

கிணறும் குட்டையும்

கைப்பிடிச் சுவரில்லாத கிணறு ஊர்ப்புறத்தில் சத்தமின்றி உயிர் வாங்கும் பொறி. மானும் நரியும் காட்டுப்பூனையும் இருட்டில் உள்ளே விழுந்துவிடுகின்றன, யானையும் விழுந்ததுண்டு. மூன்றடிச் சுவர் எழுப்பச் செலவு அதிகமானால், கிணற்றைச் சுற்றிக் கிளுவைப் போத்து ஊன்றலாம். பழைய கிணற்றில் தண்ணீர்மேல் ஒரு மரக்கட்டை மிதக்கவிட்டு, படிக்கட்டுவரை கயிற்று வலை தொங்கவிட்டால் விழுந்தவை தொற்றிக்கொண்டு ஏறும்.

பண்ணைக் குட்டையை நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டுவது வழக்கம். ஒரு பக்கமாவது ஐந்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவாக வைத்தால் ஆட்காட்டியும் ஆமையும் இறங்கி ஏறும், நீர் குறையும்போது ஓரச் சேற்றில் கொக்கு இரை தேடும். பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையில் சரிவுப் பக்கம் சாக்கில் மண் நிரப்பிப் பரப்ப வேண்டும். வழுக்கும் தாளில் விழுந்த கீரி ஏற முடியாது. மீன் விடுவதானால் கெண்டை வகைகள் போதும். ஆப்பிரிக்கக் கெளுத்தி 2000-இலேயே தடை செய்யப்பட்டது; குட்டை நிறைந்து வெளியேறினால் ஏரி முழுக்க அதுவே நிரம்பும்.

ஏரிக்கரையில் கொக்கும் நாரையும் கூடு கட்டும் ஊர்களில் நீருக்குத் தனி மதிப்பு உண்டு. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமாகிறது என்று அறிந்திருந்த ஊரார் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கு வேட்டையாடக் கூடாதென்று ஆங்கிலேய ஆட்சியிடம் உத்தரவு வாங்கினார்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைகள் கூடு கட்டும் மரம் பண்ணைக்குள் இருந்தால் அதன் நிழலில் மோட்டார் போடும் வேலையைக் கூடு காலியாகும்வரை தள்ளிவைப்பதும் அதே வகை ஏற்பாடுதான்.

மாட்டு மருந்து

நீலகிரிச் சரிவிலும் சீகூர், முதுமலை ஓரங்களிலும் உள்ள பண்ணைகளுக்குப் பிணந்தின்னிக் கழுகின் பொறுப்பு இருக்கிறது. 1990-களின் தொடக்கத்துக்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகு 99.9 விழுக்காடு அழிந்தது. காரணம் மாட்டுக்கு வலிநீக்கியாகப் போட்ட டைக்ளோஃபெனாக். மருந்து போட்ட சில நாளில் செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்து, உடலெங்கும் யூரிக் அமிலம் படிந்து சாகிறது. 2006-இல் கால்நடைகளுக்கு இம்மருந்து தடைபட்டது. கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023-இல் தடைபட்டன. மாட்டின் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் மருத்துவரிடம் மெலாக்சிகாம் என்று பெயர் சொல்லியே கேட்கலாம். மனிதர்க்கான டைக்ளோஃபெனாக் ஊசியை மாட்டுக்குப் போடுவதைக் கண்டிப்பாக மறுக்க வேண்டும். மருந்து போட்ட மாடு இறந்தால் ஆழமாகப் புதைக்க வேண்டும். விஷம் வைத்த சடலத்தைப் போடுவது இன்னும் கொடியது. நாய்க்கு வைத்தது கழுகையும் கழுதைப்புலியையும் கொல்லும்.

உழவும் அறுப்பும்

ஆட்காட்டி தரையில்தான் முட்டையிடும், பங்குனி முதல் ஆவணிவரை. சின்னக் குழியில் கூழாங்கல்லும் ஆட்டுப்புழுக்கையும் பரப்பி, பெரும்பாலும் நான்கு முட்டைகளைக் கூர்முனை உள்நோக்கி வைத்திருக்கும். மண்நிறத்தில் கரும்புள்ளிகளோடு கிடப்பதால் காலடியில் இருந்தாலும் தெரியாது. கோடை உழவில் தாய்ப்பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டு பாய்ந்தால் டிராக்டரை நிறுத்திப் பார்க்க வேண்டும். கூட்டைச் சுற்றி நான்கடி விட்டு உழுதுவிட்டுப் போனால், அடைகாத்தல் ஏறக்குறைய நான்கு வாரத்தில் முடியும். குஞ்சுகள் பொரித்தவுடனே நடந்துவிடும். கூட்டுக்குப் பக்கத்தில் கொடி நட்டால் காகத்துக்கு வழி காட்டியதாகும்; பத்தடி தள்ளி ஒரு கல் வைத்து அடையாளம் வைத்தால் போதும்.

அறுவடை எந்திரம் ஓரத்திலிருந்து சுற்றிச்சுற்றி உள்ளே வரும்போது நடுவில் ஒதுங்கிய முயல், காடை, காட்டுப்பூனைக் குட்டி எல்லாம் கடைசி வட்டத்தில் மாட்டுகின்றன. நடுவிலிருந்து வெளியே அறுத்தால், அல்லது வேலிக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வேலியை நோக்கி அறுத்தால், அவை வேலிக்குள் ஓடிவிடும். கரும்புத் தோட்டத்தில் தோகையைக் கொளுத்துவது இதைவிடக் கொடியது, எல்லாப் பக்கமும் நெருப்பு நிற்கும்போது போக வழியே இல்லை. தோகையைக் கொளுத்தாமல் பாரில் பரப்பினால் ஈரமும் நிற்கும், களையும் அடங்கும். மண்ணுக்கு உரமும் அதுவே.

பயிரைத் தாக்கும் விலங்குகள்

இடம் கொடுத்தால் காட்டுப்பன்றியும் மயிலும் வந்து பயிரைத் தின்றுவிடாதா என்ற கேள்வி நியாயமானது. இரண்டும் பெருகியிருக்கின்றன, நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஒரே இரவில் செய்யும் சேதம் சிறியதல்ல. காட்டை ஒட்டிய பண்ணையில் அந்த எல்லையில் யானை விரும்பித் தின்னாத மஞ்சளும் மிளகாயும், உள்ளே மக்காச்சோளமும் வைப்பது முதல் தற்காப்பு. முற்றும் பருவத்தில் பரண் காவலும், கும்பலாக விளக்கடித்து ஓசையெழுப்பி விரட்டுவதும் இன்னமும் மிகப் பயன்படும் வழிகள். பன்றி பகலில் தங்கும் சீமைக்கருவேலக் காடு பயிரை ஒட்டியே இருந்தால் அங்கிருந்து தொடங்கி அகற்றுவது நல்லது.

வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் இணைப்பதை எந்தச் சேதமும் நியாயப்படுத்தாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் மூன்று பெண் யானைகள் இறந்தன; இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. அந்தக் கம்பியைத் தொடும் மனிதரும் பிழைப்பதில்லை. சூரிய மின்வேலியின் கருவி விட்டுவிட்டு வரும் சிறு அதிர்ச்சி தரும், கொல்லாது. தமிழ்நாட்டில் 2023-இல் வந்த விதிகளின்படி காப்புக்காடு ஒட்டிய இடங்களில் இதற்கும் வனத்துறையில் பதிவும் அனுமதியும் வேண்டும். இரைக்குள் வெடிமருந்தை மறைத்த அவுட்டுக்காய் வைப்பது குற்றம். பன்றிக்கு வைத்ததை யானை கடித்து வாய் சிதைந்து பட்டினியாகச் சாகிறது. மயிலுக்கு விஷம் கலந்த தானியம் தூவுவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கடுந்தண்டனைக்குரியது.

காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை 2025-இல் தமிழ்நாடு அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுட முடியாது; 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கி.மீ.க்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே சுடலாம். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கோருபவர் சேதத்தைக் கண்ட அன்றே, பயிரை உழுது அழிப்பதற்கு முன், தடமும் நின்ற பயிரும் தெரியும்படி தேதியோடு படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரின் அளவுக் குறிப்போடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து, அதற்கான ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.